சிரிப்பு ஷாட்

ஈ முதலில் அவளுடைய மோவாயில் வந்து அமர்ந்தது. அங்கிருந்து கீழுதட்டின் ஓரமாக நடந்து, வாயின் இடது மூலையில் சற்று நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, பிறகு மூக்கின் பக்கவாட்டில் ஏறி, மூடிய இமையின் மேல் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியது. கேப்ரியல் படத்தை நிறுத்திப் பின்னால் ஓட்டினான். மறுபடியும் மோவாய், உதடு, மூக்கு, இமை. அவன் மனைவி லூசியின் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

பிற்பகல் இரண்டரை மணி. ஜொகூரில், உலு திராமில் அவர்களுடைய வரிசை வீட்டின் பின்னறைதான் அவனுடைய படத்தொகுப்புக் கூடம். சன்னலுக்குத் தடித்த போர்வை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான். வெளியே தகரக் கூரையின் விளிம்பிலிருந்து மழைநீர் ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் கணினிச் சூட்டின் வாடையும், குடித்து முடிக்காத கோப்பியின் புளித்த வாடையும் கலந்திருந்தன.

பிணமாக நடிப்பவர்களின் உடலை அவன் நன்கறிவான். ஐந்து பேய்ப்படங்கள் எடுத்திருக்கிறான். பிணம் இல்லாத படம் ஒன்றும் இல்லை. ஏழாம் விநாடியில் இமைக்குள் விழி உருளும். பதினைந்தில் தொண்டைக்குழி துடிக்கும். எப்பேர்ப்பட்ட நடிகரானாலும் முப்பதைத் தாண்டுவதற்குள் வயிறு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பிணத்தைக் காட்டும் எந்த ஷாட்டையும் அவன் ஆறு விநாடிக்குமேல் வைத்ததில்லை. இந்த ஷாட் நான்கு நிமிடம் பதினெட்டு விநாடி ஓடியது. அதன் முதல் பிம்பத்தையும் கடைசிப் பிம்பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தான். சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்த மெழுகுத்திரி நூலளவு உருகியிருந்தது. சன்னல் வெளிச்சம் சாம்பல் நிறத்திலிருந்து ஈய நிறத்துக்கு மாறியிருந்தது. மற்றபடி வெள்ளைத் துணியும், கோத்த விரல்களும், விரல்களைச் சுற்றிய ஜெபமாலையும், அவற்றின் அடியில் அவள் மார்பும் இம்மியும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

முதலில் அவனுக்கு வந்தது மகிழ்ச்சி. அதற்காகவே பின்னர் தன்னை வெறுக்கப்போகிறான் என்பது அந்த நேரத்தில் அவனுக்குத் தெரியாது.

அந்த மகிழ்ச்சிக்கு இருபது ஆண்டுக் காத்திருப்பு இருந்தது. பெக்கோக் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்து, சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் அவன். விடியுமுன் எல்லைப் பாலம் கடந்து போய், இருட்டியபின் பாலம் கடந்து வந்து, மீந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவை இரவல் வாங்கி முதல் படத்தை எடுத்தான். அதைப் பார்த்தவர்கள் முந்நூறு பேர் இருக்கலாம். இரண்டாம் படத்தை யாரும் திரையிட முன்வரவில்லை. மூன்றாவது படம் எங்கோ குளிர்நாடொன்றில் நடந்த சிறு விழாவில் ஒரே ஒரு காட்சி ஓடியது. அந்த ஒரு மாலையின் கைதட்டலை வைத்துக்கொண்டு அவன் ஆறு வருடம் ஓட்டினான். அசையாத ஒன்றை அவகாசம் கொடுத்துக் காட்டினால் போதும், பார்ப்பவர் மனமே அதை அசைக்கத் தொடங்கிவிடும் என்பது அவனுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத் தகுந்த ஒரு ஷாட் இதுவரை வாய்க்கவில்லை. இப்போது வாய்த்திருந்தது. இந்த ஒரு ஷாட்டிலிருந்து அவசரமாக வெட்டி அனுப்பிய சில விநாடி மாதிரியைப் பார்த்துவிட்டுத்தான் பெரிய விழா ஒன்று படம் முழுவதையும் கேட்டு எழுதியிருந்தது.

ஆனால் லூசியால் அசையாமல் இருக்க முடியாது. அதுதான் உறுத்தியது. பாலர் பள்ளி ஆசிரியையான அவள், கணவனின் படங்களுக்கு உடை தைப்பாள், சோறு ஆக்குவாள், ஆள் குறைந்தால் நடிக்கவும் செய்வாள். நடிக்க வந்தால் சிரித்துவிடுவாள். முதல் படத்தில் வெறுமனே கதவருகே நிற்கவேண்டிய காட்சியைப் பத்தொன்பது முறை சிரித்துக் கெடுத்தவள் அவள். மாதா கோவிலில் பூசை நடுவே சிரிப்பு வந்து பாடற்குழுவிலிருந்து எழுந்து வெளியே ஓடியிருக்கிறாள். இந்தப் படத்தில் பிணமாகப் படுக்கவேண்டிய மூதாட்டியை அவருடைய மகள் கடைசி நேரத்தில் தடுத்துவிட்டதால்தான் லூசி பெட்டிக்குள் படுக்க நேர்ந்தது.

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். லூசி முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"லூசி, அந்தக் கடைசி டேக்குல எப்படி அவ்ளோ நேரம் மூச்சு விடாம இருந்த?"

கத்தி நின்றது. அவளுடைய தோள்கள் மெல்ல உயர்ந்தன.

"நல்லா வந்திருக்கா?"

"ரொம்ப. ஒரு ஈ வந்து உன் கண்ணு மேலயே நடக்குது. நீ கண்டுக்கவே இல்ல."

தோள்கள் மறுபடி உயர்ந்தன. "ஈ வந்துச்சா? தெரியலயே."

"தூங்கிட்டியா?"

"இல்லங்க. நீங்க எல்லாரும் பேசுனது கேட்டுச்சு. அப்புறம் மழை கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் கேக்கல."

"லூசி டீச்சர் நாலு நிமிஷம் சும்மா இருந்தாங்கன்னு உங்க ஸ்கூல்ல சொன்னா ஒருத்தர்கூட நம்ப மாட்டாங்க."

முன்பானால் இதற்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பாள். இப்போது திரும்பி அவனைப் பார்த்தாள். எதிரே குவிந்து கிடந்த வெங்காயத்தில் அவனுக்கே கண் எரிந்தது. அவள் கண்கள் காய்ந்திருந்தன. தோள்கள் உயர்ந்தன.

"ஆமா. நம்ப மாட்டாங்க."

திரும்பவும் நறுக்கத் தொடங்கினாள். கேப்ரியல் வாசற்படியிலேயே நின்றான். கத்தி பலகையில் விழும் ஓசையை எண்ணினான். இருபது, நாற்பது, எழுபது. அவளுடைய முதுகையும், ரவிக்கையின் தையலையும், கழுத்தடி எலும்பையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பேசுவதற்குமுன் மட்டும் உயர்ந்த அந்தத் தோள்கள், பேச்சு முடிந்தபின் ஒருமுறைகூட உயரவில்லை. பேச்சுக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவை மட்டும் யாரிடமோ கடன் வாங்குவதுபோல் வாங்கி, வார்த்தையாக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றாள்.

படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் அவள் சிரித்த ஒரு தருணத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றான். பள்ளி விடுமுறை, இருவரும் நாள் முழுக்க ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் மதியம் அவள் கூடத்து நீள் இருக்கையில் படுத்து உறங்கியபோது, அவன் தன்னையே பார்க்க வெட்கப்பட்டு, ஒலிப்பதிவுப் பெட்டியையும் நீண்ட கழியின் நுனியில் பொருத்திய மைக்கையும் பூனைபோல் எடுத்து வந்தான். சுவாசத்தை மார்பின் அசைவில் தேடுவது பிழையாகலாம். அவனுடைய மைக் பொய் சொல்லாது. மூன்றாவது படத்தில் சுவருக்குள் கரையான் அரிக்கும் சத்தத்தைப் பிடித்துக் கொடுத்த மைக் அது. அதை அவள் வாய்க்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒலியளவைக் கூட்டினான். மின்விசிறியின் அச்சு உராய்வது கேட்டது. குளிர்பதனப் பெட்டியின் முனகல் கேட்டது. அடுத்த வீட்டு நஸீமா வாளியில் நீர் பிடிப்பதும், தெருமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறுவதும், தூறல் மா இலைகளில் பட்டு நழுவுவதும் தனித்தனியாகக் கேட்டன. அவற்றுக்கெல்லாம் அடியில், தன் நெஞ்சு அடித்துக்கொள்வது, கழியைப் பற்றிய விரல்கள் வழியே மைக்கில் ஏறி, யாரோ மரப்பலகையை உள்ளிருந்து தட்டுவதுபோல் கேட்டது. இன்னும் கூட்டினான். காற்று இரைந்தது. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் நின்றான். கை ஓய்ந்து மைக் தாழத் தொடங்கியபோதுதான் கவனித்தான். அவளுடைய விரல்கள் மார்பின்மேல் ஒழுங்காகக் கோத்திருந்தன.

கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பின்வாசலுக்குப் போய் மணியத்தை அழைத்தான். மணியம் அவனுடைய ஐந்து படங்களுக்கும் தயாரிப்பு நிர்வாகி, அறுபதைத் தாண்டியவர், ஆயர் ஈத்தாமில் மகள் வீட்டோடு இருந்தார். ஜொகூருக்குப் படம் பிடிக்க வந்த சென்னைக் குழு ஒன்றுக்கு முன்பு வேன் ஓட்டியபோது சினிமாக்காரர்களின் வழக்கங்களையெல்லாம் கற்றுக்கொண்டவர். அவற்றில் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்க வைப்பார். பிணமாகப் படுத்தவர் எழுந்து, கேமராவைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்த பிறகுதான் அந்த இடத்தை விட்டுப் போகவேண்டும். கேமரா அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்திருக்கவேண்டும். அதற்கு அவர்களுக்குள் 'சிரிப்பு ஷாட்' என்று பெயர். கேப்ரியலுக்கு அது வேடிக்கை. ஆனாலும் ஒருமுறையும் தவறாமல் எடுத்தே வந்தான். இந்தப் படம்வரை.

"சொல்லுங்க டைரக்டரே," என்றார் மணியம். "பட வேல முடிஞ்சிச்சா, இல்ல இன்னும் பேயோடதான் குடும்பமா?"

"அண்ணே, அன்னைக்கி சிரிப்பு ஷாட்டு எடுக்கல நாம."

"எங்க எடுக்க விட்டீங்க? தண்ணி ஏறுது, பேட்டரி அஞ்சு நிமிசத்துக்குத்தான் வரும், சிரிப்ப எடுத்துட்டுக் கெளம்பலாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். வெளிச்சம் நல்லாருக்கு, இன்னொரு டேக்குன்னு நின்னீங்க."

உண்மைதான். கோத்தா திங்கிக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்தில் எழுத்தர் குடியிருந்த பழைய கிராணி வீட்டில்தான் படப்பிடிப்பு. மூன்று நாளாக விடாத மழை. ஆறு பெருகித் தோட்டத்துப் பாலத்தைத் தொட்டுவிட்டதென்று காவலாளி வந்து சொன்ன நேரத்தில், சன்னல் வழியாக அந்தச் சாம்பல் வெளிச்சம் பெட்டிமேல் விழுந்தது. சிரிப்புக்கென்று வைத்திருந்த மின்கல உயிரைத்தான் அந்த நான்கு நிமிடம் பதினெட்டு விநாடி குடித்தது. பிறகு கூச்சலும் ஓட்டமும். அன்று மாலையே வீடு கூரைமட்டம் முழுகியது.

"அது சரிண்ணே. லூசிய பெட்டிலருந்து எழுப்புனீங்களே, அப்ப அவ ஏதாச்சும் சொன்னாளா?"

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"நான் எங்க எழுப்புனேன்? நான் வெளில வேன திருப்பிக்கிட்டு இருந்தேன். நீங்கதான எழுப்புனீங்க?"

"நான் கேமராவ தூக்கிக்கிட்டு முன்னாடியே ஓடியாந்துட்டேன். நீங்க இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"லைட்காரங்க முதல் வேன்லயே போயிட்டாங்க." மணியத்தின் குரல் தணிந்தது. "வீட்டுக்குள்ள வேற ஆள் இல்லயே."

"வேன்ல இருந்தாளேண்ணே. நான் ஏறும்போதே பின் சீட்டுல உக்காந்திருந்தா."

"இருந்தாங்க. நானும் கண்ணாடில பாத்தேன்." மணியம் தொடர்ந்தார். "வீட்டு வாசலுக்கும் வேனுக்கும் நாப்பதடி இருக்கும். ஊத்துற மழை. நாம ரெண்டு பேரும் தொப்பலா இருந்தோம். அவங்க நனைஞ்சிருந்தாங்களா?"

கேப்ரியல் கண்ணை மூடினான். பின் இருக்கையில் வெள்ளை உடை. மடிப்புக் கலையாமல், விறைப்பாக, காய்ந்த வெள்ளை உடை. வண்டி வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு போகும்போது அவன் கேமராவை மடியில் அணைத்தபடி, திரும்பிப் பார்க்காமல், அந்த டேக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருக்கிறான்.

"கேப்ரியலு," என்றார் மணியம். இருபது வருடத்தில் பெயர் சொல்லி அழைப்பது அதுவே முதல் தடவை. "அந்த டேக்க அழிச்சிருங்க. அழிச்சிட்டு, பொழுது சாயறதுக்குள்ள அவங்கள உக்கார வச்சு ஒரு சிரிப்ப எடுத்துருங்க. முதல்ல அழிக்கணும். வெளங்குதா?"

"அந்த டேக்குதாண்ணே படமே."

"அவங்க உங்க படத்துக்குன்னு வந்த ஆளு இல்ல. உங்க வீட்டுல இருக்கறவங்க."

பின்னறைக்குப் போனான். அந்த டேக்கின் கோப்பைத் தேர்ந்தெடுத்தான். அழிக்கவா என்று கணினி கேட்டது. அதன் பின்னால் லூசியின் முகம், அவன் வாழ்நாளில் எடுத்தவற்றிலேயே மிக அழகான பிம்பம், மெழுகுத்திரியின் மஞ்சளும் மழையின் சாம்பலும் கன்னத்தில் சந்திக்கும் இடத்தில் அசையாமல் நின்றது. இனி அந்த வீடு இல்லை. அந்த வெளிச்சமும் இல்லை. அவனுக்கு வயது நாற்பத்தாறு. விரலை எடுத்தான். சிரிப்பை எடுத்துவிட்டால் போதும், கணக்கு நேராகிவிடும். அழிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

ஐந்து மணிக்கு மழை விட்டது. கூடத்தில் நாற்காலி போட்டு லூசியை உட்கார வைத்தான். எதிரே கேமரா. அடுத்த வீட்டிலிருந்து நஸீமா வாழைக்காய் பஜ்ஜி பொரிக்கும் எண்ணெய் வாசம் வந்தது. அந்தச் சாதாரண வாசம் அவனுக்குச் சிறிது தெம்பளித்தது.

"ஒரே ஒரு சிரிப்பு. அவ்ளோதான். மணியண்ணன் உயிர வாங்குறாரு."

அவள் கேமராவைப் பார்த்தாள். தோள்கள் உயர்ந்தன. "வரலங்க."

"விக்கு மாட்டுன கத ஞாபகம் இருக்கா? முதல் படத்துல, பேய் குனியறப்ப விக்கு கழண்டு விழுந்துருச்சே, நீ கதவுகிட்ட நின்னு சிரிச்ச. பத்தொன்பது டேக்கு."

"ஞாபகம் இருக்கு."

"அப்ப சிரி."

அவள் உதடுகளை விரித்தாள். பற்கள் தெரிந்தன. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

தோள்கள் உயர்ந்தன. "அத அழிச்சிட்டீங்களா?"

அழிப்பதைப் பற்றி அவன் அவளிடம் பேசியதே இல்லை.

"அழிச்சிட்டேன்," என்றான்.

"இல்ல. இருக்கு." அவள் குரலில் கோபமில்லை. பள்ளியில் குழந்தைக்கு எடுத்துச் சொல்லும் அதே பொறுமை. "மெழுகுத்திரி வாசம் இன்னும் வருது. தண்ணி ஏறுற சத்தம் கேக்குது. நான் உங்கள எவ்ளோ கூப்ட்டேன். யாருமே எழுப்ப வரல."

"லூசி."

"அழிங்க. அப்புறம் சிரிக்கிறேன்."

அப்போதே எழுந்து போயிருக்கலாம். பத்து அடியில் பின்னறை. அவன் எழவில்லை. "முதல்ல நீ சிரி," என்றான். குரல் கெஞ்சியது. "சிரிச்ச உடனே அழிச்சிடுறேன். சத்தியமா."

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுடைய தோள்கள் உயர்ந்தன. இதுவரை உயராத அளவுக்கு, ஆழத்தில் முங்கப்போகிறவள்போல, காது மடல்வரை உயர்ந்தன.

சிரித்தாள்.

அவளுடைய சிரிப்பேதான். கீச்சென்று தொடங்கி, தொண்டையில் உருண்டு, கூடம் முழுக்க உடைந்து சிதறும் அந்தப் பழைய சிரிப்பு. கேப்ரியலுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவனும் சிரித்தான். முழங்காலைத் தட்டிக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூன்று வாரத்துப் பாரம் இறங்கச் சிரித்தான். சுவருக்கு அப்பால் நஸீமாவின் குரல் கேட்டது.

"அலமாக், லூசிக்கா, அப்படி என்னா ஜோக்கு லா? எங்களுக்கும் சொல்லுங்க."

நஸீமாவும் சிரிக்கத் தொடங்கினாள்.

கேப்ரியலுக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பை நிறுத்தி, காற்றை இழுத்துக்கொண்டு, திரையின் ஓரத்தில் ஓடும் எண்களைப் பார்த்தான். நாற்பத்திரண்டு விநாடி. லூசி சிரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது. இடைவெளி இல்லை. சிரிக்கிறவர் நடுவே காற்றை இழுக்கவேண்டும். அந்த இழுப்பு இல்லை. ஒரு நிமிடம். தோள்கள் இறங்கவில்லை. உயரவும் இல்லை. ஒரு நிமிடம் இருபது.

"போதும், லூசி."

ஒரு நிமிடம் நாற்பது.

"கட்."

பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு அணைந்தது. சிரிப்பு அணையவில்லை.

அப்போதுதான் கண்களைப் பார்த்தான். அவை சிரிக்கவில்லை. அகல விரிந்து, அவனையே பற்றிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றன. அவளுடைய கைகள் மடியிலிருந்து எழுந்தன. ஒரு கையை வாயில் வைத்தாள். அதன்மேல் மறு கையையும் வைத்தாள். அழுத்தினாள். விரல் முட்டிகள் வெளுத்தன. நகம் கன்னத்தில் புதைந்தது.

சத்தம் குறையவில்லை. இம்மியும் குறையவில்லை. சுவருக்கு அப்பால் நஸீமா, வயிறு வலிக்கிறதென்று சொல்லிச் சொல்லி, கூடவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

விரல்களின் இடுக்கில் லூசியின் உதடுகள் தெரிந்தன. அவை இறுக மூடியிருந்தன.